வீச்சு இரு மடங்கானால் ஆற்றல் ஏன் நான்கு மடங்காகிறது? இயந்திர அலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்த எவருக்கும் ‘அலையின் ஆற்றல் அதன் வீச்சின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும்’ என்ற வரி நினைவில் இருக்கும். வரியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கில் இறங்குகிறவர், கம்பி அலையில் சரியான விடையைப் பெற்றுவிட்டு, ஒலியில் தடுமாறி, நிலநடுக்கத்தில் மூன்று மடங்கு மிகையாகக் கணித்து, கரையை நெருங்கும் ஆழிப்பேரலையில் இல்லாத ஆற்றலைப் புதிதாக உண்டாக்கிவிடுவார். அந்த இருமடி எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனைகளுக்குள் அது செல்லுபடியாகும் என்ற இரண்டையும் சேர்த்துக் கற்றால்தான் அந்த வரி பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. அதற்காகவே ஒற்றைச் சுருள்வில்லில் தொடங்கி, கம்பி, ஒலி, கடல் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது. நுண்கணிதம் அறியாதவரும் இதைத் தொடரலாம். பெருக்கல், இருமடி (ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது), வர்க்கமூலம் ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

படி 1: எதை வீச்சு என்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

ஊடகத்தின் ஒரு துகள் தன் நடுநிலைப் புள்ளியிலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு தூரம் விலகுகிறதோ அதுவே வீச்சு. முகட்டின் உச்சியிலிருந்து அகட்டின் அடிவரை உள்ள தூரம் வீச்சன்று. அது வீச்சின் இரு மடங்கு. கடலியலில் ‘அலை உயரம்’ என்று குறிப்பிடப்படுவது இந்த இரண்டாவது அளவையே என்பதால், கடல் அலை பற்றிய தரவுகளைக் கணக்கில் பயன்படுத்தும்போது முதலில் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் வீச்சில் நேரும் இரு மடங்குப் பிழை, ஆற்றலில் நான்கு மடங்குப் பிழையாக வந்து நிற்கும்.

எதனுடைய வீச்சு என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும். கம்பியில் அது இடப்பெயர்ச்சியின் வீச்சு. ஒலியிலோ காற்றுத் துகள்களின் இடப்பெயர்ச்சிக்கு ஒரு வீச்சும், அழுத்த மாறுபாட்டுக்கு மற்றொரு வீச்சும் உண்டு. இரண்டுமே சரியான அளவைகள்தாம். ஆனால் ஆற்றலுக்கான சமன்பாடு ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம் எடுக்கும்.

படி 2: ஒரே ஒரு துகளில் இருமடியைக் காணுங்கள்

அலை என்பது பல துகள்களின் அதிர்வு. ஆகவே ஒரு துகளின் அதிர்வில் ஆற்றல் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் பார்ப்போம். சுருள்மாறிலி (ஓரலகு நீட்சிக்குத் தேவையான விசை) மீட்டருக்கு 200 நியூட்டன் உள்ள ஒரு சுருள்வில்லின் முனையில் அரை கிலோகிராம் நிறையைப் பொருத்தி, உராய்வற்ற மேசையின் மேல் வைத்ததாகக் கொள்வோம். அதை 5 செ.மீ. இழுத்தால், தொடக்கத்தில் சுழியாக இருந்த விசை இறுதியில் 10 நியூட்டன் ஆகிறது. சராசரி விசை 5 நியூட்டன், தூரம் 0.05 மீட்டர்; எனவே செய்யப்பட்ட வேலை 0.25 ஜூல். இப்போது 10 செ.மீ. இழுப்போம். இறுதி விசை 20 நியூட்டன், சராசரி விசை 10 நியூட்டன், தூரம் 0.1 மீட்டர், வேலை 1 ஜூல்.

நான்கு மடங்கு எப்படி வந்தது என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. வீச்சு இரு மடங்கானபோது இழுக்க வேண்டிய தூரமும் இரு மடங்கானது, இழுப்பதற்கான சராசரி விசையும் இரு மடங்கானது. வேலை என்பது இவ்விரண்டின் பெருக்கல் என்பதால், வீச்சு ஆற்றலுக்குள் இரண்டு முறை நுழைகிறது. இருமடி என்பது இந்த இரட்டை நுழைவே.

இதே முடிவை வேகத்தின் வழியாகவும் அடையலாம். இந்த அமைப்பின் கோண அதிர்வெண், அதாவது ஒரு வினாடியில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கையை 6.283-ஆல் (2π) பெருக்கிய அளவு, வினாடிக்கு 20 ரேடியன்; சுருள்மாறிலியை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இது கிடைக்கும். வீச்சு மாறினாலும் அது மாறாது. அலைவு நேரம் மாறாமல் கடக்க வேண்டிய தூரம் மட்டும் இரு மடங்கானால், துகள் இரு மடங்கு வேகத்தில் ஓடியாக வேண்டும். நடுநிலைப் புள்ளியைக் கடக்கும்போது முதல் அதிர்வில் வேகம் வினாடிக்கு 1 மீட்டர், இரண்டாவதில் 2 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் முறையே 0.25 ஜூலும் 1 ஜூலும் கிடைக்கின்றன. இரு வழிகளும் ஒரே விடையைத் தருவதை மாணவர்கள் தம் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். சூத்திரத்தை நூறு முறை படிப்பதைவிட அது மேலானது. பொதுவடிவம் இது:

ஆற்றல் = ½ × நிறை × (கோண அதிர்வெண்)² × (வீச்சு)²

இவை அனைத்தும் மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்த்தகவில் இருக்கும் வரையே உண்மை. ரப்பர் பட்டையை வெகுதூரம் இழுத்தால் விசை அவ்வாறு சீராக அதிகரிக்காது. அங்கே இருமடி விதியும் பொருந்தாது. அலைகளைப் பற்றிய பாடங்களில் ‘சிறிய வீச்சு’ என்ற நிபந்தனை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுவே.

படி 3: துகளிலிருந்து கம்பி அலைக்குச் செல்லுங்கள்

இழுத்துக் கட்டிய நீண்ட கம்பியின் ஒரு முனையைச் சீராக மேலும் கீழும் அசைத்தால், ஒரு குறுக்கலை கம்பியின் வழியே முன்னேறும். கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தன் இடத்தில் நின்றபடி தனிச்சீரிசை இயக்கம் (சுருள்வில்லில் கண்ட அதே வகை அதிர்வு) செய்கிறது. இங்கே நிறை என்பது ஓரலகு நீளத்தின் நிறையாக மாறுகிறது. ஆகவே முன்னேறும் அலையின் ஒவ்வொரு மீட்டரிலும் உள்ள சராசரி ஆற்றல் ½ × (ஓரலகு நீளத்தின் நிறை) × (கோண அதிர்வெண்)² × (வீச்சு)² ஆகும். இந்த ஆற்றல் அலையின் வேகத்தோடு நகர்வதால், ஒரு வினாடியில் ஒரு புள்ளியைக் கடக்கும் ஆற்றலைக் கண்டறிய அந்த வேகத்தால் பெருக்க வேண்டும்:

சராசரித் திறன் = ½ × (ஓரலகு நீளத்தின் நிறை) × (கோண அதிர்வெண்)² × (வீச்சு)² × (அலையின் வேகம்)

அலையின் வேகம் கம்பியின் இழுவிசையையும் ஓரலகு நீளத்தின் நிறையையும் மட்டுமே பொறுத்தது. முந்தையதைப் பிந்தையதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். பலமாக அசைத்தால் அலை விரைவாகச் செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. பலமாக அசைத்தால் அதே வேகத்தில் அதிக ஆற்றல் செல்கிறது, அவ்வளவே.

இந்த ஆற்றல் அலையின் எந்தப் பகுதியில் அமர்ந்திருக்கிறது என்ற கேள்வி பாடநூல்களில் உரிய இடம் பெறுவதில்லை. எனக்கோ இது இந்தப் பாடத்தின் மிகச் சுவையான பகுதி. முகட்டில்தான் ஆற்றல் குவிந்திருக்கும் என்று மனம் உடனே சொல்லும். உண்மை நேர்மாறானது. முகட்டில் இருக்கும் துண்டு அந்தக் கணத்தில் அசைவற்று நிற்கிறது, எனவே அதன் இயக்க ஆற்றல் சுழி. அதோடு, முகட்டின் உச்சியில் கம்பி கிடைமட்டமாக இருப்பதால் அந்தத் துண்டு சற்றும் நீட்சி அடைந்திருப்பதில்லை. கம்பியின் நிலை ஆற்றல் உயரத்தால் வருவதன்று, நீட்சியால் வருவது என்பதால் அதுவும் சுழியே. மாறாக, நடுநிலைக் கோட்டைக் கடக்கும் துண்டில் வேகமும் உச்சம், கம்பியின் சாய்வும் அதனால் நீட்சியும் உச்சம். ஆகவே இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உச்சம் பெறுகின்றன.

சுருள்வில்லில் ஒன்று கூடும்போது மற்றொன்று குறையும், மொத்தம் மாறாது. முன்னேறும் அலையில் ஒரு துண்டின் மொத்த ஆற்றல் மாறிக்கொண்டே இருக்கிறது, ஏனெனில் அந்தத் துண்டு பின்னால் இருப்பதிடமிருந்து ஆற்றலைப் பெற்று முன்னால் இருப்பதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆற்றல் அலையோடு பயணம் செய்கிறது என்ற சொற்றொடரின் பொருள் இதுதான். மேலே தந்த சமன்பாட்டில் ‘சராசரி’ என்ற சொல் இடம்பெறுவதும் இதனால்தான். அந்தச் சராசரியில் பாதி இயக்க ஆற்றல், மறுபாதி நிலை ஆற்றல்.

படி 4: எண்களைக் கொண்டு சரிபாருங்கள்

மீட்டருக்கு 5 கிராம் நிறையுள்ள கம்பியை 50 நியூட்டன் இழுவிசையில் கட்டுவோம். 50-ஐ 0.005-ஆல் வகுத்தால் 10,000. அதன் வர்க்கமூலம் 100. எனவே அலையின் வேகம் வினாடிக்கு 100 மீட்டர். அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்றால் கோண அதிர்வெண் 6.283 × 60, அதாவது ஏறத்தாழ 377. வீச்சு 1 செ.மீ. எனக் கொண்டால், திறன் = ½ × 0.005 × 377² × 0.01² × 100 = ஏறத்தாழ 3.55 வாட். வீச்சை 2 செ.மீ. ஆக்கினால் 14.2 வாட், 3 செ.மீ. ஆக்கினால் 32 வாட். ஒன்று, நான்கு, ஒன்பது என்ற வரிசை அப்படியே அமைகிறது.

இப்போது வீச்சை 2 செ.மீ. ஆகவே வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை 30 ஹெர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள். விடை மீண்டும் 3.55 வாட். அதிர்வெண்ணும் இருமடியாகவே நுழைவதால், அது பாதியானபோது, வீச்சு இரு மடங்கானதன் பயன் முழுவதும் ஈடாகிவிட்டது. எனவே இரண்டு அலைகளின் படங்களை அருகருகே வைத்து, உயரமாக இருப்பதே அதிக ஆற்றல் கொண்டது என்று தீர்ப்பளிப்பதற்கு முன், அதிர்வெண்ணும் ஊடகமும் ஒன்றுதானா என்று கேட்டாக வேண்டும்.

படி 5: ஒலிக்குப் பொருத்துங்கள்

ஒலி முப்பரிமாணத்தில் பரவுவதால், ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு வினாடியில் கடக்கும் ஆற்றலைக் கணக்கிடுகிறோம். இதற்குச் செறிவு என்று பெயர். அலகு சதுர மீட்டருக்கு வாட். கம்பிச் சமன்பாட்டில் ஓரலகு நீளத்தின் நிறை இருந்த இடத்தில் காற்றின் அடர்த்தியை வைத்தால் செறிவுக்கான சமன்பாடு கிடைக்கும். அழுத்தத்தின் வழியாக எழுதினால் அதுவே இப்படி அமையும்:

செறிவு = (அழுத்த வீச்சு)² ÷ (2 × காற்றின் அடர்த்தி × ஒலியின் வேகம்)

இந்த இரண்டாம் வடிவத்தில் அதிர்வெண் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருமடி நீடிக்கிறது, அதிர்வெண் மறைந்துவிட்டது. ஒரே செறிவுள்ள 50 ஹெர்ட்ஸ் ஒலியும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியும் ஒரே அழுத்த வீச்சைக் கொண்டிருக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் காற்றுத் துகள்கள் 20 மடங்கு அதிக தூரம் அசைய வேண்டியிருக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கான ஒலிபெருக்கிகளின் கூம்பு அகலமாகவும், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அசையக்கூடியதாகவும் செய்யப்படுவதற்குக் காரணம் இதுவே.

மனிதச் செவியின் எல்லைகளில் இந்த உறவு வியப்பூட்டும் அளவுகளை எட்டுகிறது. 1,000 ஹெர்ட்ஸில் நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் செறிவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10⁻¹² வாட். காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும், ஒலியின் வேகத்தை வினாடிக்கு 343 மீட்டர் என்றும் கொண்டால், அழுத்த வீச்சு ஏறத்தாழ 0.00003 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். துகள்களின் இடப்பெயர்ச்சி வீச்சு 1.1 × 10⁻¹¹ மீட்டர். ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறியது. மறுமுனையில், காதில் வலியைத் தோற்றுவிக்கும் அளவான 120 டெசிபலில் (செறிவு பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 10 கூடும் அளவுகோல் இது) செறிவு சதுர மீட்டருக்கு 1 வாட், இடப்பெயர்ச்சி வீச்சு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. ஆற்றலில் ஒரு இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு, வீச்சில் பத்து இலட்சம் மடங்காகச் சுருங்கியிருக்கிறது.

டெசிபல் அளவுகோலில் வேலை செய்பவர்கள் இரண்டு எண்களை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். வீச்சு இரு மடங்கானால் அளவு 6 டெசிபல் கூடும்; வீச்சு பத்து மடங்கானால் 20 டெசிபல் கூடும். ஒலியின் உரப்பு இரு மடங்கானதாகச் செவி உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் தேவைப்படுகிறது. அதாவது ஆற்றல் பத்து மடங்கும், வீச்சு 3.2 மடங்கும் கூட வேண்டும். ‘இரு மடங்கு சத்தம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் வீச்சைச் சொல்கிறாரா, ஆற்றலைச் சொல்கிறாரா, கேட்கும் உணர்வைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

படி 6: தூரமும் தேய்வும்

சிறிய மூலத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் அலையின் ஆற்றல், விரிந்துகொண்டே செல்லும் கோளப் பரப்பில் பங்கிடப்படுகிறது. தூரம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எனவே செறிவு கால் பங்கு, வீச்சு அரைப் பங்கு. நீர்ப்பரப்பில் வட்டமாக விரியும் அலையில் ஆற்றல் வட்டத்தின் சுற்றளவில் மட்டுமே பங்கிடப்படுவதால், தூரம் நான்கு மடங்கானால்தான் வீச்சு பாதியாகும். இந்த வேறுபாடு நிலநடுக்கத்திலும் உண்டு: புவியின் உள்ளே செல்லும் அலைகளைவிட மேற்பரப்பின் வழியே செல்லும் அலைகள் தொலைவில் மெதுவாகவே தளர்கின்றன.

விரிதலில் ஆற்றல் இழப்பு இல்லை, பங்கீடு மட்டுமே. உராய்வாலும் பாகுநிலையாலும் நேரும் தேய்வில் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அங்கும் இருமடி தொடர்கிறது: வீச்சு 10 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் 19 விழுக்காடு குறைந்திருக்கும்.

படி 7: இரண்டு அலைகள் சந்திக்கும்போது

ஒரே கட்டத்தில் உள்ள, அதாவது முகடோடு முகடு சேர்ந்து வரும், இரண்டு சம அலைகள் ஓரிடத்தில் மேற்பொருந்தினால் வீச்சு இரு மடங்காகிறது. அங்கே ஆற்றல் நான்கு மடங்கு. ஆனால் இரண்டு மூலங்கள் சேர்ந்து இரண்டு பங்கு ஆற்றலைத்தான் கொடுத்தன. மிகுதி இரண்டு பங்கு எங்கிருந்து வந்தது? அலைகள் எதிர்க்கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று நீக்கும் இடங்களிலிருந்து. முழுப் பரப்பின் மீதும் சராசரி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். வெவ்வேறு ஒலிகளைத் தரும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கிடையே நிலையான கட்டத் தொடர்பு ஏதும் இல்லாததால், அவை சேரும்போது ஆற்றல்கள் மட்டும் கூடி 3 டெசிபல் உயர்கிறது. ஒரே குறிகையைத் தரும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குச் சம தொலைவில் நிற்பவருக்கு 6 டெசிபல் உயர்வு கிடைக்கும்.

கம்பியில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒரே வடிவம் கொண்ட இரண்டு துடிப்புகள், ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் அமைந்து, எதிரெதிர்த் திசைகளில் வந்து சந்திக்கட்டும். அவை முழுமையாக ஒன்றன்மீது ஒன்று படியும் கணத்தில் கம்பி முற்றிலும் நேராக இருக்கும். இடப்பெயர்ச்சி எங்குமே இல்லை. ஆகவே ஆற்றல் அழிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கணத்தில் கம்பியின் துண்டுகள் தனித் துடிப்பில் இருந்ததைப்போல் இரு மடங்கு வேகத்தில் குறுக்கே அசைந்துகொண்டிருக்கின்றன. முழு ஆற்றலும் இயக்க ஆற்றலாக அங்கேயே இருக்கிறது, அடுத்த கணம் இரு துடிப்புகளும் மீண்டும் பிரிந்து செல்கின்றன. இரண்டுமே மேல்நோக்கிய துடிப்புகளாக இருந்தால், சந்திக்கும் கணத்தில் கம்பி இரு மடங்கு உயர்ந்து அசைவற்று நிற்கும். முழு ஆற்றலும் அப்போது நிலை ஆற்றல். கம்பியின் ஒரு கண நேரப் படத்தை மட்டும் பார்த்து அதன் மொத்த ஆற்றலைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படி 8: கடல் அலையில் அதிர்வெண் எங்கே போனது?

கடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரின் கீழும் அலையால் அமைந்த ஆற்றல் ½ × நீரின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × (வீச்சு)² ஆகும். 2 மீட்டர் உயரமுள்ள சீரான அலைக்கு வீச்சு 1 மீட்டர். கடல்நீரின் அடர்த்தி 1,025 என்று கொண்டால் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5,000 ஜூல். இதில் அதிர்வெண் இடம்பெறவே இல்லை. படி 3-இல் அவ்வளவு முக்கியமாக இருந்த ஒன்று இங்கே மறைந்ததற்குக் காரணம் உண்டு. ஆழ்கடலில் அலைநீளம் அதிகமான அலையின் நீர்த்துகள்கள் மெதுவாகச் சுழல்கின்றன; ஆனால் அந்த அசைவு அதிக ஆழம்வரை எட்டுவதால் அசையும் நீரின் நிறை கூடுகிறது. வேகக் குறைவும் நிறைக் கூடுதலும் சரியாக ஈடாகிவிடுகின்றன.

ஆற்றல் கரையை நோக்கிச் செல்லும் வீதத்தில் அலைவு நேரம் திரும்பி வருகிறது, ஏனெனில் ஆழ்நீரில் நீள அலைகள் விரைவாகச் செல்கின்றன. 8 வினாடி அலைவு நேரம் கொண்ட இந்த அலைத்தொகுதியின் ஆற்றல் வினாடிக்கு 6.2 மீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே அலைமுகட்டின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 31 கிலோவாட் திறன் வந்து சேரும். உண்மைக் கடலில் அலைகள் ஒரே சீராக இருப்பதில்லை. கடலியலாளர் குறிப்பிடும் அலை உயரம் பெரிய அலைகளையே குறிப்பதால், அதே 2 மீட்டருக்குத் திறன் இதில் பாதியளவே இருக்கும். சென்னை ஐஐடி 1991-இல் திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் நிறுவிய 150 கிலோவாட் அலை மின்நிலையமும், 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கடலில் சோதித்த ‘சிந்துஜா-1’ கருவியும் இந்த ஆற்றலை மின்சாரமாக மாற்றும் முயற்சிகளே. அலை உயரம் பாதியாகும் மாதங்களில் கிடைக்கும் திறன் கால் பங்குக்கு இறங்கிவிடுவதும், புயலின்போது உயரம் நான்கு மடங்கானால் கட்டமைப்பு பதினாறு மடங்கு ஆற்றலைத் தாங்க வேண்டியிருப்பதும் இத்துறைப் பொறியாளர்களின் நிரந்தரச் சிக்கல். இருமடி விதி அவர்களுக்கு இருபுறமும் இடர் தருகிறது.

படி 9: ஆழிப்பேரலையில் இருமடியைக் கவனமாகக் கையாளுங்கள்

2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் இந்தியப் பெருங்கடலின் மேலே சென்ற ‘ஜேசன்-1’ செயற்கைக்கோள், ஆழ்கடலில் சுனாமியின் உயர்வைச் சுமார் 60 செ.மீ. என்று பதிவு செய்தது. நாகப்பட்டினம் உள்ளிட்ட கரைகளை அழித்த அலை, நடுக்கடலில் ஒரு மீட்டர்கூட எழவில்லை. கரையில் வீச்சு பல மடங்கு கூடியது என்றால் ஆற்றல் அதன் இருமடியாகக் கூடியதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம்: வினாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். 10 மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு 9.9 மீட்டர். வேகம் 20 மடங்கு குறைந்துவிட்டது. பின்னால் வருவது விரைவாகவும் முன்னால் செல்வது மெதுவாகவும் இருப்பதால் அலை தன் நீளத்தில் 20 மடங்கு நெருக்கப்படுகிறது. அதே ஆற்றல் இருபதில் ஒரு பங்கு இடத்தில் அடங்க வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆற்றல் 20 மடங்காக வேண்டும். அதற்கு வீச்சு 20-இன் வர்க்கமூலமான 4.5 மடங்காக வேண்டும். 0.6 மீட்டர் வீச்சு 2.7 மீட்டராகிறது. அலைமுகட்டின் ஒரு மீட்டரைக் கடக்கும் திறனோ இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ 358 கிலோவாட் என்ற ஒரே எண்தான்.

எனவே ஆற்றல் புதிதாக உண்டாகவில்லை, செறிவடைந்தது. வீச்சு கூடியதற்குக் காரணம் ஊடகத்தின் தன்மை மாறியதே. மென்மையான கடலடிச் சரிவில், அலை உடையாமலும் எதிரொளிக்காமலும் வரும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். கரையின் வளைவும் கடலடியின் வடிவமும் இதைவிடப் பெரிய உயரங்களை ஓரிடத்திலும் சிறியவற்றை மற்றோரிடத்திலும் உண்டாக்கக்கூடும்.

நிலநடுக்கத்தின் அளவெண்ணிலும் இதே எச்சரிக்கை தேவை. 1935-இல் ரிக்டர் வகுத்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் பதிவான வீச்சு 10 மடங்கு. இருமடி விதியை நேராகப் போட்டால் ஆற்றல் 100 மடங்கு என்று வரும். நடைமுறையில் கொள்ளப்படுவது ஏறத்தாழ 32 மடங்கு. அலைகள் ஒரே அதிர்வெண்ணும் ஒரே கால அளவும் கொண்டிருந்தால் மட்டுமே இருமடியால் ஒப்பிட முடியும்; சிறிய நிலநடுக்கமும் பெரிய நிலநடுக்கமும் அப்படி இருப்பதில்லை. 32 என்பது அளவெண்ணையும் மொத்த ஆற்றலையும் இணைக்கும், அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட உறவு.

படி 10: நீங்களே அளந்து பாருங்கள்

இதற்கு ஒரு கணினி, ஒரு ஒலிபெருக்கி, டெசிபல் காட்டும் செயலியுள்ள ஒரு கைப்பேசி ஆகியவை போதும். ஒலித்தொகுப்பு மென்பொருளில் சீரான இரைச்சல் ஒலியை 0.8 என்ற வீச்சில் உருவாக்குங்கள். ஒற்றை அதிர்வெண் ஒலியைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் தரையிலிருந்து எதிரொலித்து வரும் அலை நேரடி அலையோடு குறுக்கிட்டு, கைப்பேசியைச் சற்று நகர்த்தினாலும் அளவைத் தாறுமாறாக்கும். கைப்பேசியை ஓரிடத்தில் அசையாமல் வைத்து அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் வீச்சை 0.4 ஆகவும் 0.2 ஆகவும் மாற்றி மீண்டும் அளவெடுங்கள். ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் 6 டெசிபல் குறைய வேண்டும். சூழலின் இரைச்சல், நீங்கள் அளக்கும் மிகக் குறைந்த ஒலியைவிட 10 டெசிபலாவது தாழ்ந்திருந்தால்தான் இந்த எண் தெளிவாகக் கிடைக்கும். குறைவு 6-க்குப் பதிலாக 2 அல்லது 3 என்று வந்தால், கைப்பேசியின் ஒலிவாங்கி உரத்த ஒலியைத் தானாகவே தணிக்கிறதா என்று பாருங்கள். அந்த வசதியை நிறுத்த அனுமதிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, வீச்சை மாற்றாமல் திறந்தவெளி மைதானத்தில் ஒலிபெருக்கியிலிருந்து 1, 2, 4, 8 மீட்டர் தொலைவுகளில் அளவெடுங்கள். தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபலுக்கு அருகில் குறைந்தால் படி 6-இல் கூறிய கோளப் பரவலை நேரில் கண்டதாகும். இதையே ஒரு அறைக்குள் செய்தால், முதல் ஒன்றிரண்டு மீட்டர்களுக்குப் பிறகு குறைவு சிறுத்து, ஓரளவுக்கு மேல் நின்றே போகும். சுவர்களிலிருந்து திரும்பும் ஆற்றல் அங்கே நேரடி ஒலியை மிஞ்சிவிடுகிறது.